பிரஸ் ஷெட்டிலிருந்து வந்த ஃபைல்

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். திருமழிசை தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலை. மழை விட்டிருந்தது. ஒரு லாரிகூட இல்லை… ஈரத் தகர வாசனை மட்டும். அந்த வழியாகத்தான் நம்மோடு வேலை பார்க்கிற சபீனாவின் தம்பி முகமது ஆசிக் பைக்கில் போனான். ஐயப்பன்தாங்கலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். நம்பாவிட்டால் நாளைக்கு சபீனாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரஸ் மெஷினில் தகரத்தை அழுத்தி பாகங்கள் செய்யும் சின்ன கம்பெனி. முதலாளி பக்தவத்சலம் கூப்பிட்டிருந்தார். ஆபீஸ் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. சிஸ்டம் ஃபைல் ஒன்றைக் காணவில்லை என்று திரும்பத் திரும்ப அதே செய்தி. காலையில் அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள், அதற்குள் சரியாக வேண்டும் என்றார். மழையில் நெட் போய்விட்டது. ஆசிக் தன் பென் டிரைவில் இருந்ததைப் போட்டுப் பார்த்தான். பொருந்தவில்லை. இதே சாஃப்ட்வேர் உள்ள வேறு கம்ப்யூட்டர் இருந்தால் அதிலிருந்து அந்த ஃபைலை எடுத்துப் போட்டுவிடலாம் என்றான்.

பக்தவத்சலம் மேஜை டிராயரிலிருந்து ஒரு சாவியை எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

"பிரஸ் ஷெட்ல ஒண்ணு கீது. எடுத்துகினு உடனே வந்துடு. அங்க நிக்காத."

வாட்ச்மேன் தங்கவேல் பூட்டைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். ஏன் என்று கேட்டதும், குரலைத் தாழ்த்திச் சொன்னார். வனஜா என்ற பெண் அந்த பிரஸ்ஸில் வேலை பார்த்தாள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார் ஒன்று இருந்தது. வேலை தாமதமாகிறது என்று முதலாளி அதைக் கழற்றச் சொன்னார். சில நாளிலேயே அவளுடைய இரண்டு கையும் நசுங்கின. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. போன் பேசிக்கொண்டே வேலை செய்தாள் என்று முதலாளி போலீசில் சொன்னார்.

"அந்தப் பொண்ணுகிட்ட போனே கெடியாது, தம்பி."

ஆசிக் உள்ளே போனான். மூலையில் தூசி மூடிய கம்ப்யூட்டர். போட்டதும் உயிர் வந்தது. ஃபைலைத் தேடிப் பிடித்து பென் டிரைவில் ஏற்ற ஆரம்பித்தான். அப்போதுதான் சுட்ட எண்ணெய் வாசனை…

பின்னால், டொம்.

தரையின் அதிர்வு காலில் ஏறியது. திரும்பிப் பார்த்தான். பிரஸ் அப்படியே நின்றது. மறுபடியும் திரைப்பக்கம் திரும்பினான்.

டொம்.

பிறகு காதோரம், மெதுவாக, ஒரு பெண் குரல்.

"எடுத்துக்கினியா அண்ணா? …போலாமா?"

ஓட நினைத்தான். கால் நடக்கத்தான் செய்தது. நனைந்த தரையில் அவன் செருப்புச் சத்தத்தோடு இன்னொரு செருப்புச் சத்தமும் ஆபீஸ் வரை வந்தது.

ஃபைலைப் போட்டான். சாஃப்ட்வேர் உடனே திறந்தது. பக்தவத்சலம் சிரித்துக்கொண்டே மவுஸைப் பிடித்தவர், கையை முகர்ந்து பார்த்து, இதென்ன எண்ணெய் என்று கேட்டார். ஆசிக் தன் கையைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. கூட ஒருத்தி வந்திருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தான். போன் இல்லாத அந்தப் பெண்ணின் நினைப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டு பையை மாட்டினான்.

காலையில் தங்கவேல் போன் செய்தார். ஆசிக் போன கொஞ்ச நேரத்தில் முதலாளி தனியாக ஷெட்டுக்கு நடந்தாராம். தங்கவேல் கூப்பிட்டும் திரும்பவில்லை. முன்னால் யாரோ போவது மாதிரி, "வரேம்மா… வரேன்… இழுக்காத" என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

விடிந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். பிரஸ்ஸுக்கு முன்னால் மண்டியிட்டபடி இருந்தார். இரண்டு கையும் மணிக்கட்டு வரை உள்ளே. உயிர் இல்லை.

கையை எடுக்க மெஷினின் மேல்பாகத்தைத் தூக்கியாக வேண்டும். போலீஸ்காரர் சுவிட்சைப் போடச் சொன்னார். தங்கவேல் அசையவில்லை. அந்த மெஷினின் மோட்டாரைக் கழற்றி, வனஜாவைப் புதைத்த அன்றைக்கே அம்பத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.