கனத்த கைப்பிடியைக் காத்தவர்

நம் தோட்டத்துக் கணக்கெழுதிய கிராணி ஐயாவின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்சர் நாகநாதன் ஐயா அவர்களே, ரப்பர் ஸ்டோரை ஒழித்துக் கொடுத்து எங்களை உட்கார வைத்திருக்கும் நம்மை வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு மாமா அவர்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் ஐயாவின் வீட்டம்மா, நம் கிராணியம்மா ஆவுடையம்மை அவர்களே, வேட்டி இல்லாமல் கோணி கட்டி வந்திருந்தாலும் மரியாதை குறையாமல் வந்திருக்கும் எங்கள் தோட்டத்துச் சனங்களே, உங்கள் அனைவருக்கும் நீலாவதியின் வணக்கம்.

பெரியவர்கள் இத்தனை பேர் இருக்க, பதினாறு வயதுப் பெண்ணை ஏன் பேச விட்டார்கள் என்று சிலர் நினைக்கலாம். பங்களாவின் பின்கட்டில் கிராணி ஐயாவோடு துணி துவைத்தவர்கள் நாங்கள் நாலு பேர். நல்லசாமி மாமா பேச எழுந்தால் அழுதுவிடுவார். சன்னாசி அண்ணன் எழுந்திருக்கவே மாட்டார். என் கூடப்பிறந்த இராஜமாணிக்கம் அண்ணனுக்கு வார்த்தை வருவதற்குள் மழை வந்துவிடும். மிச்சம் இருக்கிற வாய் இதுதான். தயங்காமல் பேசலாம் என்று டிரஸ்சர் ஐயாவும் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் லுக்குட் டவுனுக்குப் போயிருக்கிறார். பங்களாவில் இருக்கும் ஜப்பான்காரர்களுக்கு நம் பேச்சு புரியாது.

நாளைக் காலையில் ஆபீசர் பின்கட்டுக்கு வருகிறார். கிராணி இறந்துவிட்டார், இனி அந்தத் துணி துவைக்கும் மிஷினுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று தானே பார்க்கப்போகிறாராம். தேவைக்கு மேல் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போகச் சிரம்பானிலிருந்து லோரியும் வருகிறது. லோரி எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சட்டைக்குச் சாயம் போனால் வேறு சாயம் ஏற்றலாம். சயாமுக்கு ரயில் பாதை போடப் போன நம் ஆட்களைத் திரும்ப ஏற்றி வர இதுவரை எந்த லோரியும் வரவில்லை. ஆகவே நான் இன்று பேசுவது இறந்தவருக்காக மட்டும் இல்லை.

கிராணி கணேசமூர்த்தி ஐயா யார்? வெள்ளைக்காரன் காலத்தில் அவர் சைக்கிள் மணி கேட்டாலே நாம் ரப்பர் மர நிரைக்குள் ஒளிந்துகொண்ட அதே கிராணி ஐயாதான். பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. துரை ஓடிப்போனார், துரு ஓடிவந்தது. துரை தன் வீட்டம்மாவுக்காகக் கப்பலில் வரவழைத்த துவைக்கும் மிஷின் பின்கட்டில் அநாதையாகக் கிடந்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நாலு காலில் நிற்கும் மரத்தொட்டி, உள்ளே துணியைப் புரட்டும் துடுப்பு, மேலே துணியைப் பிழியும் இரண்டு ரப்பர் உருளை. ஒரே கைப்பிடி எல்லாவற்றையும் ஓட்டும். பங்களாவில் வந்து தங்கிய ஆபீசருக்கு அது பிடித்துப்போனது. தம் ஆட்களின் சட்டையெல்லாம் இதில்தான் துவைக்க வேண்டும் என்றார். இங்கிலீஷ் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் மிஷினும் தெரியும் என்று முடிவு கட்டி, கிராணி ஐயாவைப் பொறுப்பாக்கினார்.

அவருக்கு மிஷின் தெரியுமா? சத்தியமாகத் தெரியாது. இறந்தவரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. ஐயா கழற்றிப் பூட்டினால் ஒவ்வொரு முறையும் ஓர் ஆணி மிஞ்சும். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இது சும்மா அழகுக்கு வைத்தது என்பார். கிராணி என்ற பேரைச் சுருக்கி 'ஆணி ஐயா' என்று வைத்தவள் நான்தான். அது அவர் காதுக்குப் போய், ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, முழுப் பேரையும் எழுதினால் மசி வீணாகும், இது நல்ல சிக்கனம் என்றார்.

ஆனால் கற்றுக்கொண்டார். கடல் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அந்த உப்புக் காற்றில் இரும்பைத் திறந்து போட்டால் விடிவதற்குள் சிவந்துவிடும். பங்களாக் கிணற்றிலும் உப்பு. அதனால் துவைத்து முடித்ததும் மேட்டுக் கிணற்று நல்ல தண்ணீரால் பல்சக்கரத்தைக் கழுவ வைத்தார். துடைக்க வைத்தார். தேங்காய் எண்ணெய் தடவ வைத்தார். பொழுது சாயும்முன் சாக்குப் போட்டு மூட வைத்தார். வீட்டில் தலைக்குத் தடவவே எண்ணெய் இல்லாத காலம். நல்லசாமி மாமா அதைப் பார்த்துவிட்டு, "மிஷினுக்குத் தாளிச்சாச்சு, நமக்கு எப்பங்கய்யா?" என்று கேட்டார். ஐயா எண்ணெய்ச் சிரட்டையை அவர் கையில் கொடுத்து, விரலை நக்கிக்கொள்ளச் சொன்னார்.

அடுத்து உருளை. காற்றும் வெயிலும் பட்டு அந்தச் சீமை ரப்பர் வெடித்துப்போனது. புது உருளை எங்கே கிடைக்கும்? நாம் ரப்பர் தோட்டத்துக்காரர்கள் அல்லவா! ரப்பருக்கா பஞ்சம் என்று நாங்களே செய்தோம். ரப்பர் பாலில் வழக்கம்போல ஆசிட் ஊற்றி உறைய வைத்து, தகடாக உருட்டி, அவசரத்தில் சரியாகக் கழுவாமல், புகையும் போடாமல் உருளையில் சுற்றிவிட்டோம். துணியை என்னமாய்ப் பிழிந்தது தெரியுமா! ஐயா மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். சில நாளில் மிஷின் இறுகிவிட்டது. ரப்பருக்குள் மிச்சமிருந்த ஆசிட் கசிந்து இரும்பு அச்சைத் தின்றிருந்தது. ஆபீசர் சட்டையில் துருக்கறை. பாலை உறைய வைக்கத் தெரிந்த நம்மைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு அது.

ஆபீசர் வந்தார். ஐயாவைக் கன்னத்தில் அறைந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்: ஒரு தொட்டிக்கு எதற்கு இத்தனை பேர்? இரண்டு பேர் போதும், மிச்சப் பேர் சயாமுக்குப் போகட்டும்.

ஐயா கன்னத்தைத் தடவவில்லை. "மிஷினுக்கு வாதம் வந்திருக்கு தொரை. ரெண்டு பேரால ஆகாது. உங்க ஆளுங்களையே சுத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டு சிப்பாய்கள் கைப்பிடியைப் பிடித்தார்கள். அது அசையவில்லை. ஆபீசர் துருவைப் பார்த்தார், சிப்பாய்களைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். நாங்கள் நாலு பேரும் அங்கேயே வேலையில் நின்றோம்.

அவர் போனதும் ஐயா தொட்டி விளிம்பில் உட்கார்ந்து எங்களிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"துருவ முழுசாத் தொடச்சா, நீங்க சயாமுக்குப் போவீங்க. தொடைக்காம உட்டா, மிஷின் பழைய இரும்போட ஜப்பானுக்குக் கப்பல் ஏறிரும், அப்பவும் நீங்க சயாமுக்குத்தான் போவீங்க. நடுவுல நிறுத்தணும்."

நல்லசாமி மாமாவுக்குச் சந்தேகம். "ஐயா கோவிச்சுக்கக் கூடாது. நீங்க இதுவரைக்கும் எதையும் சரியாச் செஞ்சதில்லையே."

"தப்பாச் செய்யறதுதான இப்ப வேல? அது எனக்கு நல்லா வரும்லா."

அன்று தொடங்கியது அந்தப் பெரிய பணி. ஊரில் எல்லாரும் பழுது பார்ப்பார்கள். எங்கள் ஐயா பழுதைப் பார்த்துக்கொண்டார். அச்சைத் தேய்த்து எண்ணெய் போட்டார். புதுத் தகட்டைப் புளிப்பு வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, புகையில் காயவைத்து, அதன்பிறகே உருளையில் சுற்றினார். உள்ளே மிஷின் கல்யாணப் பெண்போல ஆரோக்கியமாக இருந்தது. வெளியே கண்ணில் படும் கம்பியிலெல்லாம் கடல் தண்ணீரைத் தடவித் துருவை வளர்த்தார். அச்சுக்கும் அது சுழலும் குழிக்கும் நடுவில் ஒரு ரப்பர் துண்டைச் செருகிவிட்டால் கைப்பிடி கல்லாகிவிடும். இரண்டு பேர் சுற்ற வேண்டும், இரண்டு பேர் மூச்சு வாங்க வேண்டும். யாரும் இல்லாத நேரத்தில் துண்டை எடுத்துவிட்டால் நான் ஒருத்தியே சுற்றிவிடுவேன். அந்த நேரத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? உங்கள் புண்ணுக்குக் கட்டிய துணிகளை டிரஸ்சர் ஐயாவிடமிருந்து வாங்கி வந்து சுடுதண்ணீரில் அலசினார்கள். ஆபீசரின் சோப்பில் உங்கள் பிள்ளைகளின் துணியும் வெளுத்தது. பங்களா வேலிக்குப் பின்னால் மரவள்ளியும் முளைத்தது.

ஒரு முறை ஆபீசருக்கே சந்தேகம் வந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தார். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. வியர்த்துவிட்டது. பராமரிப்புச் சரியில்லை என்று ஐயாவை மறுபடியும் அறைந்துவிட்டுப் போனார். ஐயா குனிந்து வணங்கினார். வெள்ளைக்காரனிடம்கூடக் குனியாத முதுகு அது. ஆபீசர் மறைந்ததும் வீங்கிய கன்னத்தோடு சிரித்தார். "மூணாவது சுத்து சுத்தியிருந்தா ரப்பர் கழண்டு உழுந்திருக்கும். அவருக்கு வலு பத்தல" என்றார்.

அத்தனை அறையும் யாருக்கு விழ வேண்டியது? யோசித்துப் பாருங்கள். என் அண்ணன் இன்று உங்கள் நடுவே உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறானே, அந்த மூக்கு இங்கே இருப்பதற்கு ஐயாவின் கன்னம்தான் காரணம்.

பிறகு ஐயாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து இல்லை. டிரஸ்சர் ஐயா வேப்பங்கஷாயம் வரை எல்லாம் கொடுத்துப் பார்த்தார். கடைசியாக நான் பார்க்கப் போனபோது கிராணியம்மா அவர் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார். ஐயா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"இன்னிக்குக் கைப்பிடி எப்படிம்மா இருக்கு?"

"கனமா இருக்குங்கய்யா."

"நல்லது" என்றார். எனக்கும் ஏதாவது கேலி சொல்ல வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பெரியோர்களே, நமக்காக மிஷினுக்கு நோய் கொடுத்தவருக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்? படம் மாட்டப் படம் இல்லை. மாலை போடலாம், அது நாளைக்கு வாடிவிடும். அவர் வேலையைத் தொடர்வோம். இன்று மாலையே கம்பிகளுக்குக் கடல் தண்ணீர் பூசுவது சன்னாசி அண்ணனின் பொறுப்பு. ரப்பர் துண்டைச் செருகுவது நல்லசாமி மாமாவின் பொறுப்பு. இந்த முறை மூன்று சுற்றுக்கும் தாங்கும்படி அகலமாக வெட்டியிருக்கிறார். ஆபீசர் முன்னால் போய் நின்று, மிஷினுக்கு வாதம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அங்கே நான் நிற்கிறேன். வேண்டாம் என்று அண்ணன் நேற்று முழுக்கச் சண்டை போட்டான். கிராணியம்மாதான் அவனை அடக்கினார். "அவ பேசட்டும். நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார். புருஷனைப் பறிகொடுத்து கண்ணீர்கூட உலராத அந்த அம்மா நாளைக்கு என் பக்கத்தில் நிற்கப்போகிறார். இதற்குமேல் எனக்கு என்ன தைரியம் வேண்டும்? அறை விழுந்தால் வாங்கிக்கொள்வேன். என் கன்னமும் தோட்டத்துக் கன்னம்தான்.

நம் உறுதிமொழி இதுதான்: அந்தக் கைப்பிடி இலகுவானது என்று இந்தத் தோட்டத்தில் ஒரு குழந்தைகூடச் சொல்லாது. லோரி வந்த வழியே காலியாகப் போகும்வரை சொல்லாது.

இப்போது எல்லாரும் எழுந்து ஐயாவுக்காகச் சற்று நேரம் அமைதியாக நிற்போம். நல்லசாமி மாமா, சன்னாசி அண்ணா, அண்ணா, உங்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். இங்கே அழுது தீர்த்துவிடாதீர்கள். நாளைக் காலையில் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றும்போது ஐயாவை நினைத்து அழுங்கள். அந்தக் கண்ணீரைப் பார்த்து, இது கனம் இல்லை என்று எந்த ஆபீசராலும் சொல்ல முடியாது.