மூலை வீட்டு மொட்டை மாடி

பொம்மைக்காரம்மா: கை வைக்காதீங்க சார்... அட்டை வீட்டுல பசை காயல.

வந்தவர்: மன்னிச்சுக்கோங்க. புறாக் கூண்டு இந்த மாடியில இல்லீங்க, அதான்... அடுத்த மாடியில. இதுல ஒரு தகரக் கொட்டகை வரும்.

பொம்மைக்காரம்மா: அடேயப்பா. மியூசியத்துல சரியான ஆளைத்தான் அனுப்பியிருக்காங்க. ஊரே தரைமட்டம். பொழைச்ச ஊர்க்காரங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் மியூசியத்துக்கு இந்தப் பலகை மேல சின்னதா ஊரை ஒட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க எல்லைக்கு அந்தப் பக்கமாமே?

வந்தவர்: ஆமா. போருக்கு முன்னாடி கொஞ்ச நாள் இங்க குடியிருந்தேன்... மூலை வீடு மட்டும் அச்சு அசலா இருக்கு. அந்த வீட்டுக்காரங்க உயிரோட இருக்காங்களா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.

பொம்மைக்காரம்மா: சொல்றேன், சொல்றேன். முதல்ல வேலை ஆகட்டும். இந்தச் சிவப்பு நூல்தான் எல்லை. சண்டை ஆரம்பிச்ச அன்னைக்கு மாவு மில்லுகிட்ட. முடிஞ்ச அன்னைக்கு...

வந்தவர்: பாலத்துகிட்ட.

பொம்மைக்காரம்மா: இந்தப் பலகையில ஒரு சாண். எட்டு வருஷம் அடிச்சிக்கிட்டதுக்கு இவ்வளவுதான்.

வந்தவர்: எங்க பாடப்புத்தகத்துல நீங்கதான் முதல்ல சுட்டீங்கன்னு இருக்கு.

பொம்மைக்காரம்மா: எங்க புத்தகத்துல நீங்க. ஒரே ஆள் ரெண்டையும் எழுதியிருப்பான் போல. பேரை மட்டும் மாத்திட்டான்.

வந்தவர்: ஆத்து மதகை யார் திறக்கிறதுன்னுதானே தகராறு... கடைசியில அந்த மதகையே குண்டு போட்டுத் தகர்த்தாச்சு.

பொம்மைக்காரம்மா: யார் குண்டு?

வந்தவர்: அது எந்தப் புத்தகத்தைப் படிக்கிறோங்கறதைப் பொறுத்தது.

பொம்மைக்காரம்மா: சரிதான். அந்தத் தகரக் கொட்டகை வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் சார்? தெருவைப் பாத்தா, சந்தைப் பாத்தா?

வந்தவர்: சந்தை... இல்ல, தெருவைப் பாத்து...

பொம்மைக்காரம்மா: புறா வீட்டுக் கதவு? மரமா, இரும்பா?

வந்தவர்: ஞாபகம் இல்லீங்க.

பொம்மைக்காரம்மா: பள்ளிக்கூடத்துக்கு எப்படி உள்ள போவாங்க? அதுவும் தெரியாதா? ஊர்க்காரங்க வந்தா வாசலைத்தான் முதல்ல சொல்லுவாங்க. உங்களுக்கு மாடியெல்லாம் மனப்பாடம், வாசல் ஒண்ணுகூடத் தெரியல. இந்த ஊர்ல நீங்க காலே வச்சதில்ல. எல்லைக்கு அந்தப் பக்கக் குன்று மேலயா இருந்தீங்க?

வந்தவர்: ஆமா. பைனாகுலர்ல பாத்து பீரங்கிக்கு இலக்கு சொல்ற வேலை. உண்மையைச் சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பீங்களா?

பொம்மைக்காரம்மா: மாட்டோம்தான். அந்த ஒரு வீட்டை மட்டும் எதுக்கு விசாரிக்கிறீங்க?

வந்தவர்: ஊரே காலின்னுதான் எங்களுக்குச் சொன்னாங்க. ஆனா அந்த மாடிக் கொடியில தினமும் ஒரு சின்ன கவுன் காயும். முதல்ல கைக்குழந்தைக்குப் போடுற அளவு. அப்புறம் கொஞ்சம் பெருசு... இன்னும் பெருசு. எனக்கும் வீட்டுல ஒரு பொண்ணு. அவ வளர்றதை நான் பாக்கல. இதைத்தான் பாத்தேன்.

பொம்மைக்காரம்மா: அதனால?

வந்தவர்: அந்த வீட்டை மட்டும் நான் சொல்லவே இல்ல. மேலதிகாரி கேட்டா, அது எப்பவோ இடிஞ்சு போச்சுன்னுடுவேன்.

பொம்மைக்காரம்மா: மாட்டியிருந்தா?

வந்தவர்: என்னையே நிக்க வச்சுச் சுட்டிருப்பாங்க. அது போகட்டும்... ஒரு நாள் கொடி வெறுமையா கிடந்துச்சு. அடுத்த நாளும் அப்படியே. அதுக்கு முந்தின ராத்திரி வேற குன்றுலேருந்து எங்க ஆளுங்க அடிச்சிருந்தாங்க. அதுலேருந்து எனக்கு நிம்மதியே போச்சு அம்மா. அந்தப் பொண்ணு இருக்காளா, இல்லையா? அதை மட்டும் சொல்லிடுங்க, கிளம்பிடறேன்.

பொம்மைக்காரம்மா: உக்காருங்க சார்.

வந்தவர்: அப்ப... இல்லையா?

பொம்மைக்காரம்மா: அந்த வீட்டுல யாரும் சாகல. அன்னைக்கு ராத்திரி எங்களை வேற ஊருக்கு மாத்திட்டாங்க, அவ்வளவுதான்.

வந்தவர்: எங்களையா? அப்ப நீங்கதான் அம்மாவா? உங்க பொண்ணு... இப்ப பெரியவளா இருப்பாளே. எங்க இருக்கா?

பொம்மைக்காரம்மா: பொண்ணே கிடையாது சார். அந்தக் கவுனுக்குப் பின்னாடி உக்காந்து, உங்க குன்றைப் பாத்து, எங்க பீரங்கிக்கு இலக்கு சொன்னது நான். நீங்க சுடக் கூடாதுன்னுதான் அதைக் காயப்போட்டோம். சந்தேகம் வரக் கூடாதுன்னு வருஷா வருஷம் கொஞ்சம் பெருசா தச்சதும் நான்தான்.