எந்த வண்டியில ஏத்த?

— வக்கீல் சாமி, உம்ம வண்டிய நகத்தும்வே! கேட்டுக்கு நேரா கொண்டாந்து நிறுத்திட்டா என் வண்டி சிவப்பி எப்படி வெளிய வரும்? உள்ள ஜெயபாரதிக்கு வலி கண்டுட்டு.

— நகத்தறதுக்காகவா இந்த மழையில எதிராத்துலேர்ந்து ஓட்டிண்டு வந்தேன், ராஜரத்தினம்? உம்ம ஆம்படையாளை என் வண்டியில ஏத்தும். மயிலாப்பூர் நர்சிங் ஹோமுக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

— உம்ம ஜெர்மன் வண்டியிலயா? அதுல உக்காந்தா முழங்கால் தாடையில இடிக்கும். நிறைமாசக்காரி எங்கன காலை நீட்டுவா?

— உம்ம இங்கிலீஷ் வண்டி மட்டும் என்ன பல்லக்கா, ஓய்? மேல வெறும் துணி. அடையாறு பாலத்துல ஒரு காத்து அடிச்சா பிச்சுண்டு போயிடும். என்னோடது இரும்புக் கூரை. கதவைச் சாத்தினா மழை பெய்யறதே தெரியாது.

— ஆறு சிலிண்டர்வே எனக்கு. ஆறு! நீரு நாலை வச்சுக்கிட்டு இந்தப் பேச்சு பேசுதீரு. சிவப்பிய மிதிச்சா சீட்டு முதுகைப் பிடிச்சுத் தள்ளும். மெட்ராஸ்ல இப்படி இன்னொரு வண்டி யாருகிட்ட இருக்கு, சொல்லும்?

— தள்ளும், தள்ளும். வளைவுல ரோட்டை விட்டே தள்ளும். என்னோடது ரோட்டைப் பிடிச்சுண்டு போறது. போன மாசம் மஹாபலிபுரம் ரோட்டுல என் பின் லைட்டைப் பாத்துண்டே வந்தது யாராம்?

— ரெண்டு மாடு குறுக்க வந்துட்டு. அதுக்காக மெதுவா வந்தேன்.

— திருவான்மியூர்லேர்ந்து கோவளம் வரைக்கும் அதே ரெண்டு மாடா?

— தம்பி! ஏ தம்பி! அஞ்சு நிமிசத்துக்கு ஒரு வலி வருது அவளுக்கு. நீங்க என்ன, வாசல்ல நின்னு வழக்கு நடத்துதீங்களா?

— இந்தா கெளம்பிட்டோம்க்கா. டாக்சி ஸ்டாண்டுக்கு மறுபடி அடிச்சுப் பாத்தியா?

— காலைலயிருந்து போனு செத்துக் கெடக்கு. நூறு தடவை சொல்லிட்டேன். தெருவுல தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு. ஊரே வாயப் பொளந்து பாக்குத ரெண்டு வண்டிய நிறுத்தி வச்சுக்கிட்டு, ஒரு புள்ளத்தாச்சிய ஆசுபத்திரியில சேக்க வக்கில்ல! வக்கீலய்யா, நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?

— நான் தயாரா நிக்கறேன், தங்கபுஷ்பம்மா. உங்க தம்பிதான் வறட்டுப் பிடிவாதம் பிடிக்கறார்.

— அக்கா, நீ உள்ள போயி அவ கையப் பிடிச்சுக்க. போ. பயப்படாதேன்னு சொல்லு. ... சரிவே, வக்கீலே. நீரே ஜெயிச்சீரு. உம்ம வண்டியிலயே ஏத்துதேன். ஆனா பாலம் இறங்குத எடத்துல தண்ணி கட்டிக் கெடக்கும், பாத்துக்கிடும். சட்டுனு பிரேக்கு போட வேண்டி வரும். போடுவீருல்லா?

— ராஜரத்தினம்...

— என்ன?

— உம்ம வண்டியிலயே போயிடலாமா?

— என்னவே இது, பல்டி அடிக்கீரு?

— பின் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் இல்லை, முன் சக்கரத்துலயும் பேருக்குத்தான். மார்ச்சுலேர்ந்தே இப்படித்தான். ஜெர்மனியிலேர்ந்து சாமான் வரவழைக்க லைசென்ஸ் கேட்டு டெல்லிக்கு மூணு தரம் எழுதிட்டேன், பதிலே இல்லை. கியரை இறக்கி இறக்கித்தான் நிறுத்திண்டிருக்கேன்.

— அப்ப மஹாபலிபுரம் ரோட்டுல?

— நிறுத்த முடியலை, ஓய். முந்தினதாவது, மண்ணாவது! உயிரைக் கையில பிடிச்சுண்டு போனேன். போறும், என்னை அப்படிப் பாக்காதேயும். சாவியைப் போடும். உம்ம ஆறு சிலிண்டரும் இன்னிக்கு உபயோகப்படட்டும்.

— கெளம்பாது, சாமி.

— என்னது?

— ஈரம் பட்டா கெளம்பாது. சூடேறினா வழியிலயே நின்னுரும். லண்டன் சாமான் கெடைக்காம, லாரிச் சாமானை அரத்தால ராவி மாட்டச் சொன்னேன். வேண்டாம் மொதலாளின்னு மெக்கானிக் ஹனீஃபா தலையால அடிச்சுக்கிட்டாரு. நாந்தான் கேக்கல. இந்தா, பானட்டத் தொறக்கேன், நீரே பாரும். எல்லாம் நனைஞ்சு கெடக்கு.

— ஐயோ, இதை வச்சுண்டா இத்தனை நாழி பேசினீர்?

— நீரு எதை வச்சுக்கிட்டுப் பேசினீரு? ... சாமி, ஒண்ணு சொல்லிடுதேன். சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும். போன வருசம், மொதப் பிள்ளை போச்சுல்லா...

— அந்தப் பேச்சு இப்போ எதுக்கு? நந்தனத்துல ஊர்வலம், போலீஸ் ரோட்டை மறிச்சுட்டான், உம்மால நேரத்துக்கு வர முடியலை. அதுக்கு நீர் என்ன பண்ணுவீர்?

— ஊர்வலமே இல்ல.

— இல்லையா?

— மூணு மணிக்கு தி. நகர் கடைக்கு ஜெயபாரதி போன் பண்ணினா. உடனே கெளம்பிட்டேன். நந்தனம் காலேஜுகிட்ட சிவப்பி செத்துப்போயிட்டா. பானட்டத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கேன். அப்பத்தான் நீரு வந்தீரு. வண்டிய நிறுத்தி, 'என்ன ஓய், ஏறிக்கறீரா'ன்னு கேட்டீரு.

— கேட்டேன். யாருக்காகவோ காத்துண்டிருக்கேன்னு சொன்னீர். ஊர்வலம் நான் போனப்புறம் வந்ததாக்கும்னு நெனச்சேன்.

— யாருக்கும் காக்கல. உம்ம வண்டியில ஏறினா, சாயங்காலம் கிளப்புல சொல்லிச் சொல்லிச் சிரிப்பீரேன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டே கைய ஆட்டி அனுப்பி வச்சேன்வே! ஒரு மணி நேரம் பிளக்கைத் துடைச்சுத் துடைச்சு மாட்டினேன். வீட்டுக்கு வந்தா அவளுக்கு நெனவில்ல. அரை மணி முன்னால கொண்டாந்திருந்தா பிள்ளை பொழைச்சிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க.

— பெருமாளே! இது ஜெயபாரதிக்கு?

— தெரியாது. ரெண்டு மாசம் அந்த ஊர்வலக்காரங்களைச் சபிச்சா. நானும் கூட உக்காந்து சபிச்சேன்.

— போறும், ராஜரத்தினம். கண்ணைத் துடைச்சுக்கும். என் வண்டியிலயே போவோம். முதல் கியர்ல ஊர்ந்துண்டே போறேன், பிரேக்கே வேண்டாம். நீர் முன்னாடி தண்ணியில நடந்து பள்ளம் பாத்துச் சொல்லும். கூப்பிடும் அவளை.

— அக்கா! அக்கா! ஜெயபாரதியக் கூட்டிட்டு வா!

— அவ வீட்டுல இல்ல தம்பி.

— இல்லையா? எங்க போனா?

— பின் கேட்டு வழியா, சைக்கிள் ரிக்‌ஷாவுல. நீங்க பேசி முடிக்க மாட்டீங்கன்னு வக்கீலய்யா வீட்டு ஜானு அம்மாதான் தெருமுனைக்கு ஓடிப் போயி பிடிச்சுட்டு வந்தாங்க. அவங்களே கூடவும் ஏறிட்டாங்க. தண்ணி சீட்டுக்குக் கிட்டகூட வரல. இப்பத்தான் பின் தெருவுல திரும்பினாங்க.

— என் ஆம்படையா ஜானுவா?

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதாக்கா? நான் ஓடிப் போயிப் பிடிச்சிருதேன்.

— போகாத தம்பி. உன்கிட்டச் சொல்லிட்டுப் போவணும்னுதான் வலியோட வாசல் வரைக்கும் வந்தா. நீங்க ரெண்டு பேரும் பானட்டுக்குள்ள குனிஞ்சு நின்னீங்க. நான் கூப்பிட வாயெடுத்தேன், என் வாயப் பொத்திட்டா. ஊர்வலமே இல்லன்னு நீ சொன்னதுலயிருந்து கடைசி வரைக்கும் நின்னு கேட்டுட்டுத்தான் ரிக்‌ஷாவுல ஏறினா.