வேளிமலைக் கிளிக்கூடு

மலைக்குச் சோறு கட்டும்போது மீன் வைக்கக் கூடாது, ஐயா. நண்பகலுக்குள் வாடை மாறிவிடும். நான் எப்போதும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும்தான் வைப்பேன். அன்றைக்கும் மருமகள் நேசம்மாளுக்கு அதைத்தான் கட்டிக் கொடுத்தேன். பொதி அவிழ்க்காமலே திரும்பி வந்தது. வீணாக்க வேண்டாமே என்று கோழிக்குப் போட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் சத்தியபாய். என் வீட்டுக்காரர் தந்தியாபீசில் சிக்னலர். ஆபீசின் பின்கட்டில்தான் குடியிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தட்டத் தட்ட, இந்தப் பக்கம் அரைத்துக்கொண்டும் அரிந்துகொண்டும் நானும் அந்தப் பாஷையைப் படித்துவிட்டேன். அவர் போன பிறகு ஒரே மகன் ஞானதாசனுக்குக் கம்பியில்லாத் தந்தியில் பைத்தியம் பிடித்தது. சர்க்கார் லைசென்ஸ் வாங்கி, கருங்கல் ஊரில் இந்த வீட்டு மச்சிலேயே தந்திப் பெட்டி கட்டினான். நாகர்கோவிலில் இஸ்ரவேல் என்று அவனுக்கு ஒரு சிநேகிதன், காலேஜில் வேலை. அவனும் ஒரு பெட்டி கட்டினான். ஆனால் இவர்கள் பிடித்த அலை நேராகத்தான் போகுமாம். நடுவில் வேளிமலை கிடக்கிறது. இவன் தட்டியது அவனுக்குக் கேட்கவில்லை.

அதனால் மலைமேல் ஒரு குடிசை போட்டு, அதற்குள் ஒரு பெட்டி வைத்தார்கள். ஆள் காவல் வேண்டாம். இங்கே தட்டுவதை அது கேட்கும். கேட்டதும் உள்ளே ரிலே என்று ஒரு இரும்பு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அறுநூறு வோல்ட் மின்சாரம் ஒரு செம்புச் சுருளில் பாய்ந்து, அதே தட்டு நாகர்கோவிலுக்குப் போகும். இங்கே விரலை எடுத்தால் அங்கே நின்றுவிடும். சொன்னதைச் சொல்கிறது என்று ஊர்க்காரர்கள் அதைக் கிளிக்கூடு என்றார்கள்.

மலையேறுகிற வேலை என் மருமகள் நேசம்மாளுடையது. ஞானதாசனுக்கு வலது கால் இழுக்கும். சின்னதில் தென்னையிலிருந்து விழுந்தான் என்று ஊரில் சொல்வார்கள். அவன் விழவில்லை, ஐயா. மீசை முளைக்கும் வயதில் கொழும்புக்குப் போகிற கூட்டத்தோடு கிளம்பப் பார்த்தான். தூங்கும்போது முட்டுக்குக் கீழே உலக்கையால் ஒரு அடி வைத்தேன். ஓலை மட்டை முறிகிற சத்தம்தான் கேட்டது. வைத்தியர் சரியாகக் கட்டாததற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த வருஷம் முழுக்க அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி, முதுகு தேய்த்து, கதை சொல்லித் தூங்க வைத்தேன். எங்கள் வீட்டில் அப்படி ஒரு சந்தோஷமான வருஷம் பிறகு வரவில்லை.

நேசம்மாள் திருவட்டாற்றுக்காரி. நல்ல பெண்தான், நான் குறை சொல்ல மாட்டேன். வாய் கொஞ்சம் கூடுதல். வந்த புதிதிலேயே ஸ்குரூ திருப்பியைக் கையில் எடுத்துவிட்டாள். கோளாறு கண்டுபிடிப்பதில் ஞானதாசனைவிடக் கெட்டி.

பிறகு பம்பாய்ப் பேச்சு வந்தது. அங்கே ஒரு கம்பெனிக்காரர் இந்த ஆளில்லாப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. பெட்டி சரியாக வேலை செய்தால் இவர்கள் இரண்டு பேருக்கும் அங்கே வேலையும் வீடும்.

“அப்போ நான்?” என்று கேட்டேன்.

“நீ கொஞ்சநாளு இஞ்ச இரும்மா. பெறவு பாப்போம்” என்றான் ஞானதாசன்.

“கண்ணு கலங்காண்டாம் மாமி. வழியெல்லாம் கிளிக்கூடா அங்கவரெ அடுக்கிவச்சி டெய்லி ஒங்ககிட்ட சண்ட போடுவேன்” என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெட்டி வேலை செய்யாவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். யாரையும் நோகடிக்கும் எண்ணமே இல்லை. அவளோடு ஒருநாள் மலையேறினேன். அவள் ஏரியல் கம்பியைப் பார்க்க வெளியே போனபோது ரிலேயின் அடியில் கருப்பட்டிப் பாகு தடவினேன். எறும்பு மொய்த்து, இரும்பு நாக்குக்கு நடுவே நசுங்கி, தட்டு கடந்து போகவில்லை. அடுத்த முறை போனவள் மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

“எறும்புக்கு மலையேறிக் கருப்பட்டி கொண்டு குடுத்த புண்ணியவதி யாராக்கும் மாமி?”

“ஒனக்க பலகாரப் பொதி ஒழுகியிருக்கும். வாயை வச்சிட்டு இருக்க மாட்டியா, ஏட்டி?”

“செரிதான், எனக்க வாய்க்கு எறும்பு சாட்சி” என்று சொல்லிவிட்டு, மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட்டு வந்தாள்.

பிறகு ஒருநாள் கேட்கிற கம்பியை அவிழ்த்து, பேசுகிற கம்பிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். பெட்டி தன் குரலைத் தானே கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லி, சொன்னதைத் திரும்பவும் கேட்டு, ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அதையும் கண்டுபிடித்தாள். இரண்டு கம்பியையும் தனித்தனி மரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டாள். என்னைச் சந்தேகப்படவில்லை. காற்று என்று நினைத்தாள். அவ்வளவு கெட்டிக்காரி, மனுஷரை மட்டும் அவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை.

இதற்கிடையில் ஒரு குரங்கு கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே இறங்கிச் சுருளைப் பிடித்துவிட்டது. அப்போது ஞானதாசன் இங்கே தட்டிக்கொண்டிருந்தான். ஹெட்போன் என் காதில் இருந்தது. மலையிலிருந்து திரும்பி வந்த ஒலி தாழ்ந்து நடுங்கியது. மறுநாள் நேசம்மாள் போய்ப் பார்த்தாள். கை சுருளோடு வெந்து ஒட்டியிருந்ததாம். தன் நாக்கைத் தானே கடித்துத் துண்டாக்கியிருந்ததாம். விரல்களைக் கத்தியால் அறுத்துத்தான் எடுத்திருக்கிறாள். அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. அது உடனே செத்ததா என்று மட்டும் நான் கேட்டேன். தெரியாது என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் இதற்கென்று ஒரு முறையைக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் கைவிடுமுன் மேலிருந்து ‘கை உள்ளே’ என்று தட்டுவாள். கீழே இருப்பவர் ‘சரி’ என்று தட்டிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘கை வெளியே’ என்று வரும்வரை யாரும் தந்தி தட்டுகிற கட்டையைத் தொடக் கூடாது. நாகர்கோவிலிலும் அப்படியே. மின்சாரத்தையே நிறுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். டைனமோ ஓடையில் ஓடியது. மடையை அடைக்கப் பள்ளத்துக்கு இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் யார் இறங்குவது? கீழே இருப்பது வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டார்கள்.

கம்பெனிக்காரர் வரும் வாரம் நான் கடைசியாக ஒருமுறை மலைக்குப் போனேன். சுருளின் செம்புக் காலை அரத்தால் முக்கால்வாசி ராவிவிட்டு வந்தேன். காற்றில் ஆடி ஆடி அது தானாக முறிந்தது. அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் பெட்டி ஊமையாகிவிட்டது. ஞானதாசன் மலைப் பெட்டியின் மாற்று பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தக்கலைக்கு பஸ் ஏறினான். நேசம்மாள் மலைக்குக் கிளம்பினாள். கட்டைக்கு முன்னால் உட்கார என்னை விட்டால் ஆள் இல்லை.

“மாமி, முறை நியாபகம் உண்டும்லா?”

“நான் தந்தியாபீசுக்காரனுக்க பொண்டாட்டியாக்கும். எனக்குப் படிப்பிக்க வந்துட்டா.”

“அதில்ல மாமி. வெரலு சொறிஞ்சாலும் அந்தக் கட்டையில சொறியாதீங்க. பெறவு குரங்குக்கு வந்த கெதிதான் எனக்கும்.”

சோற்றுப் பொதியை வாங்கிக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

சுருளின் காலைத் தற்காலிகமாகச் சுற்றிக் கட்டி, நாலைந்து எழுத்து தட்டிப் பார்த்தாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு, ஈயம் உருக்கிப் பற்றவைத்து உறுதியாக்குவதற்காக, ‘கை உள்ளே’ என்று தட்டினாள். நான் ‘சரி’ என்று தட்டினேன். கையை மடியில் வைத்தேன். அவள் கை உள்ளே போக நேரம் கொடுக்க வேண்டுமே. அடுக்களையில் பால் பொங்குகிற வாடை வந்தது. எழுந்து போய் இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, விரலை அழுத்தினேன்.

ஒலி முதலில் நேராக வந்தது. பிறகு தாழ்ந்து நடுங்கியது. குரங்குக்கு நடுங்கியதைவிடக் கனமாக. நான் எதையும் பார்க்கவில்லை, ஐயா. நான் செய்ததெல்லாம் ஒரு விரலைக் கீழே வைத்திருந்ததுதான்.

சாயங்காலம் தோட்டத்து ஆட்கள் அவளைக் கட்டிலில் வைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை எலும்புவரை கருகியிருந்தது. தாடை பூட்டிக்கொண்டு, உதடு பல்லுக்குள் கிழிந்து கிடந்தது. நான்தான் கழுவி, சேலை மாற்றி, தலை சீவிவிட்டேன். வேறு யார் செய்வார்கள்? பின்னாலேயே ஞானதாசனையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பேட்டரியை அவளிடம் கொடுத்துவிடலாம் என்று தக்கலையிலிருந்து நேராக மலைக்குப் போயிருக்கிறான், அந்தக் காலை வைத்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் அவனுடைய விரல்களை எடுத்துவிட்டார்கள். இரண்டு கையிலும்.

இப்போது உள்ளறையில்தான் இருக்கிறான். பம்பாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். மூன்று வேளையும் நான்தான் ஊட்டுகிறேன். முதலில் வாயைத் திறக்க மாட்டான். தாடையின் இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தினால் திறந்துவிடும். சில நேரம் என் முகத்தில் துப்புவான். பிள்ளைகள் துப்பும்தானே.

இஸ்ரவேல் உங்களிடம் சொன்னது பொய்யில்லை. அவன் கை மடியில் இருந்தது, ஒலி அவனுக்கும் கேட்டிருக்கும். நேசம்மாளைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

என்ன கேட்டீர்கள்? ஆமாம், நீங்கள் கேட்பது நியாயம்தான். அவள் செத்ததுமே நான் விரலை எடுத்திருந்தால் அவளைப் பிடித்து இழுத்தவன் கை வெந்திருக்காது. இஸ்ரவேல் அதையும் சொல்லிவிட்டானா?

ஒலி இரண்டாவது முறையும் நடுங்கியது, ஐயா. முதல் நடுக்கம் அடங்கி, கொஞ்சம் கழித்து, வேறு மாதிரி. அவளைக் கட்டிப்பிடித்து இழுக்க அந்த மலையில் யார் வருவார்கள்? எனக்குத் தெரிந்தது. கை இல்லாதவனைப் பம்பாயில் யார் கூப்பிடுவார்கள் என்றும் தோன்றியது. விரலை எடுக்காமல் இருந்தேன்.

ஆனால் அவன் சாகும்வரை வைத்திருக்கவில்லை. என் பிள்ளை எவ்வளவு தாங்குவான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?