மிஞ்சிய இருவர்

ராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

“நான் எழுதுத கதையில உலகமே அழிஞ்சிருச்சு. பிளவக்கல் அணைப் பக்கம் ஒருத்தனும் ஒருத்தியுந்தான் மிச்சம்.”

“அப்போ கல்யாணந்தான்!”

“எங்க? ரெண்டு பேரும் ஒரே கோத்திரம். அண்ணன் தங்கச்சி முறை.”

“ஏட்டி, அதைச் சொல்லதுக்குத்தான் ஆளே இல்லையே!”

“அவளே சொல்லிக்கிட்டா. அம்புட்டு நல்ல வளர்ப்பு.”

தோழி சிரித்து ஓய்ந்து, குரலைத் தாழ்த்தினாள். “உன் ஆளைப் பத்தி அப்பாட்ட சொல்லிட்டியா?”

“அவனும் எங்க கோத்திரம்னு தெரிஞ்சா, அப்பா இன்னைக்கே உலகத்தை அழிச்சிருவாரு. ஆண்டாள்ட்ட சொல்லிட்டு, பொறவு சாயங்காலம் அவர்ட்ட சொல்லணும்.”

ஆண்டாள் கோவிலில் எனக்கும், கதை எழுதும் அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து அர்ச்சனை செய்யச் சொன்னேன். பட்டர் பேரும் கோத்திரமும் கேட்டார்.

“ஆண்டாளுக்குத் தெரியும் சாமி” என்றேன்.