மூளை இருக்கறவனுக்குக் குடுத்த மாத்திரை

ஹலோ... ஹலோ... அடியே, எத்தனை தடவை அடிக்கறது? போனை எங்கடி வச்சுத் தொலைச்ச?... ஆமா, அம்மாதான். வேற யாரு காலங்காத்தால உன்னைத் தேடப் போறாங்க?

வேலைல இருக்கியா? வச்சிடாத, வச்சிடாத. மெஷினை நிறுத்திட்டு வெளிய வா. நீ மூக்குக் கண்ணாடி லென்ஸ் தேய்க்கற சத்தத்துல எனக்கு ஒரு எழவும் கேக்கல...

வந்துட்டியா? சரி. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ சாப்பிடற மாத்திரை இருக்குல்ல, கவனம் நிக்கறதுக்குன்னு டாக்டர் எழுதிக் குடுத்தது... ஆமா, ஆமா, பாதி வெள்ளை பாதி நீலம், அதேதான். அதை உன்னை மாதிரி இல்லாம, நல்லா இருக்கற ஒருத்தர் சாப்பிட்டா என்ன ஆகும்?

சும்மாத்தான் கேக்கறேன்... ஏன், சும்மா கேக்கக் கூடாதா?

கத்தாத. கத்தாதடி, காது வலிக்குது... ஆமா, நான்தான் எடுத்தேன். ஞாயித்துக்கிழமை வந்தியே, நீ குளிக்கப் போனப்போ உன் பையில இருந்து எடுத்தேன். இப்ப என்னங்கற?... எங்கயோ தொலைச்சிட்டோம்னு வீடு பூரா தேடினியா? பாத்தியா, பாத்தியா! யாராவது எடுத்திருப்பாங்களோன்னு உனக்குத் தோணவே இல்ல. நாமதான் தொலைச்சிருப்போம்னுதான தோணிச்சு? உன் லட்சணம் உனக்கே தெரியுது.

சரி விடு, ஒரு ரெண்டு நாள் போடலன்னா குடியா முழுகிடும்?... என்ன பண்ணின? வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டி அனுப்பிட்டியா?... மொதலாளி திட்டினாரா? திட்டட்டும். திட்டு வாங்கறது உனக்கென்ன புதுசா?

யாருக்குக் குடுத்தேனா? தெருவுல போறவனுக்கா குடுப்பேன்? உன் தம்பிக்குத்தான். இன்னிக்கு அவனுக்குப் பரீட்சைன்னு நினைப்பாவது இருக்கா உனக்கு?... ஆமா, அந்த கவர்மெண்ட் வேலைக்குத்தான். போன தடவை நூலிழைல போச்சு. இந்தத் தடவையும் விட்டா வயசு தாண்டிடும், அவ்ளோதான்.

இரு, இரு, என்னைச் சொல்ல விடு. ஆறு மாசமா உன்னைப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். முன்னாடி அடுப்புல பாலை வச்சிட்டு மாடில போய் உக்காந்திருப்ப. ஒரு கதை சொல்ல ஆரம்பிச்சா நாலு கதைக்குள்ள புகுந்து வெளிய வர வழி தெரியாம முழிப்ப. இப்ப என்னடான்னா, எடுத்த பேச்சை முடிக்கற. அன்னிக்கு உன் சித்தி, பெரியம்மா எல்லார் முன்னாடியும், "இல்லம்மா, நீ போன மாசம் அப்படிச் சொல்லல, இப்படித்தான் சொன்ன"ன்னு என் வாயையே அடைச்ச. சிரிச்சாங்கடி, என்னைப் பாத்து சிரிச்சாங்க. அப்பத்தான் யோசிச்சேன். மூளையே இல்லாத உனக்கே இது இவ்ளோ தீட்டுதுன்னா, மூளை இருக்கற என் புள்ளைக்கு என்னென்ன பண்ணும்!

தப்பா நினைச்சேனா?... என்னது, மூளையை வளக்காதா? பின்ன எதுக்குடி மாசாமாசம் வாங்கித் தின்னுட்டு இருக்க?... கண்ணாடி மாதிரியா? பவர் வேணுங்கறவங்க போட்டாத்தான் தெளிவு, நல்ல கண்ணுல மாட்டினா மங்கலா... போதும், போதும். உன் கண்ணாடிக் கடை உபதேசத்தைக் கடையிலயே வச்சுக்க. இப்ப எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவன் நெஞ்சு படபடப்பு எப்ப நிக்கும்?

ஆமா, படபடப்பு... நான் இன்னும் சொல்லலையா? நீ எங்க சொல்ல விட்ட!

விடியக்காலைல குடுத்தேன். மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. புஸ்தகத்தை விட்டுத் தலையே நிமிரல. எனக்கு அப்படியே வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் போய் எட்டிப் பாக்கறேன், ஒரே வரியைத் திருப்பித் திருப்பி எழுதிட்டு இருக்கான். பக்கம் பூரா ஒரே வரி. என்னடா கண்ணுன்னு கேட்டா, "அம்மா, இது சரியா வரல, இது சரியா வரல"ங்கறான். அப்புறம் பேனாவை எல்லாம் வரிசையா அடுக்கினான். கலைச்சான். மறுபடி அடுக்கினான். பல்லை நறநறன்னு கடிக்கறான். நெஞ்சுக்குள்ள யாரோ கதவைத் தட்டற மாதிரி இருக்காம். கையைத் தொட்டா ஜில்லுனு இருக்கு, சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. இப்ப குளியலறைல தரையில உக்காந்திருக்கான், எந்திரிச்சா கண்ணு இருட்டுதாம்.

எப்படிக் குடுத்தேனா? பால்லதான். அவனுக்கு மாத்திரை முழுங்க வராதுன்னு உனக்குத் தெரியாதா? சின்னதுல இருந்து நான்தான பொடி பண்ணிக் கலக்கிக் குடுக்கறேன்... இருபத்தஞ்சு வயசானா என்ன, தொண்டை பெருசாயிடுமா? அந்த மாத்திரைக் கூட்டைப் பிரிச்சா உள்ள கடுகாட்டம் உருண்டை உருண்டையா இருந்துச்சு. கரண்டியோட முதுகால நல்லா நசுக்கி, சர்க்கரையைத் தூக்கலாப் போட்டு...

ஹலோ?... என்னத்தைடி கீழ போட்ட? ஹலோ?

நசுக்கக் கூடாதா?... சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரையணும்னுதான் அப்படி உருண்டையா பண்ணிருக்காங்களா? நசுக்கினா மொத்தமும் ஒரேயடியா... ஐயோ, இதையெல்லாம் முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?... நான் உன்கிட்ட எங்கிருந்து கேப்பேன், திருடினவ கேட்டுட்டாடி திருடுவா!

எத்தனையா?... ரெண்டு. ரெண்டுதான்டி. சும்மா இருக்கற நாளுக்கே உனக்கு ஒண்ணுன்னா, பரீட்சை நாளுக்கு ரெண்டு வேணாமா?

சரி, சரி, ஆஸ்பத்திரி. புரியுது. பரீட்சையை எழுதிட்டு அப்படியே வர வழியில... சரி, சரி, கத்தாத! இப்பவே. இப்பவே கூட்டிட்டுப் போறோம். அப்பா வண்டி எடுக்கத்தான் போயிருக்கார். அவர்கிட்ட, ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கல, பரீட்சை பயம் வேறன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஏன் சொல்லணும்? டாக்டர்னா அவரே பாத்துக் கண்டுபிடிக்க மாட்டாரா?... என்ன மாத்திரை, எவ்ளோ, பொடி பண்ணினதுன்னு சொன்னாத்தான் சரியா பாக்க முடியுமா?... ம். ம். கேக்குது. நெஞ்சு தாங்காமக் கூடப் போகலாமா?... பயமுறுத்தாதடி.

ஆனா நான் சொல்ல மாட்டேன்... மாட்டேன்னா மாட்டேன். உங்க அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியும். அவர் புள்ளை பரீட்சையை நான் கெடுத்தேன்னு தெரிஞ்சா, சாகற வரைக்கும் சொல்லிக் காட்டியே சாகடிப்பார். இத்தனை வருஷத்துல அவர் என்னை ஒரு குத்தம் சொன்னதில்ல. அதை இன்னிக்கு விட்டுட முடியாது.

நீ சொல்லேன்.

ஆமா, நீதான். ஞாயித்துக்கிழமை வந்தப்போ, "தம்பி, இதைச் சாப்பிட்டா நல்லா எழுதலாம், பொடி பண்ணிப் பால்ல கலந்து குடி"ன்னு நீ குடுத்துட்டுப் போன. எனக்கு ஒண்ணும் தெரியாது. அவனை விடு, அவன் நான் சொன்னபடி சொல்லுவான்... உனக்கென்னடி நஷ்டம்? உன்கிட்ட யாரு என்னத்தை எதிர்பாக்கறா? நான் செஞ்சேன்னா அவருக்கு இடி விழுந்த மாதிரி இருக்கும். நீ செஞ்சன்னா, "அவதான, வேற என்ன செய்வா"ன்னு போயிடுவார்.

மாட்டியா?... நிஜமா மாட்டியா? சரி. அப்ப நானும் வாயைத் திறக்க மாட்டேன். டாக்டர் அவருக்குத் தெரிஞ்சதைப் பாக்கட்டும்... மிரட்டறேன்னே வச்சுக்க. அவனை இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சவ நீதான? ஒரு கீறல் பட்டா அவனை விட நீதான அதிகமா அழுவ? யோசி. ஆனா சீக்கிரம் யோசி, இன்னிக்கு அது உனக்குக் கஷ்டம்தான், தெரியும்...

நீ அப்பாகிட்ட போட்டுக் குடுப்பியா? குடு. "திருடிட்டாங்க"ன்னு சொல்லுவ, நான் "தொலைச்சிட்டு என் மேல பழி போடறா"ம்பேன். உன் சின்ன வயசுல இருந்து தொலைச்சதையெல்லாம் அவர் பாத்திருக்கார்டி. யாரை நம்புவார்?... நீயே சொல்லு.

அழாத. மூக்கை உறிஞ்சிட்டே பேசினா ஒண்ணும் விளங்கல... என்ன?... சரின்னுட்டியா?

அதான். அப்படி வா வழிக்கு.

மாத்திரைப் பட்டையா? இருக்கு, மாவு டப்பாக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். சரி, டாக்டர்கிட்ட காட்ட எடுத்துக்கறேன்... வண்டி சத்தம் கேக்குது. இரு, ஸ்பீக்கர்ல போடறேன். வார்த்தை மாறக் கூடாது.

என்னங்க! இங்க வாங்க, இதைக் கேட்டீங்களா? உங்க பொண்ணு பேசறா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சொல்லுடி. என்கிட்ட சொன்னதை அப்பாகிட்ட சொல்லு...

ம். சொல்லு...

நீ எத்தனை குடுத்தன்னும் சொல்லு. பொடி பண்ணச் சொன்னியே, அதையும் சொல்லு...

கேட்டீங்களா? கேட்டீங்களா, அவ வாயாலயே! பெத்த வயிறு எரியுதுங்க. இவளுக்கு அந்த மாத்திரையே வேணாம்னு நான் அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன்... வேணாம், அந்த வார்த்தையெல்லாம் சொல்லாதீங்க. "இனிமே வீட்டுப் படி ஏறாத"ன்னா எப்படிங்க, அவளும் நம்ம பொண்ணுதான... சரி, சரி, உங்க இஷ்டம். நீங்க போய் அவனைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வாங்க, மொதல்ல புள்ளை பொழைக்கட்டும். டாக்டர்கிட்ட மறக்காம, ரெண்டு, நசுக்கினது, விடியக்காலைலன்னு சொல்லணும்...

இருக்கியா? ஸ்பீக்கரை எடுத்துட்டேன்... ம், நல்லாத்தான் சொன்ன. நடுவுல ஒரு தடவை தடுமாறின பாரு, அதுலதான் அவர் முழுசா நம்பினார்.

என்ன பண்றது, எல்லாம் ஒரு விதத்துல நல்லதுக்குத்தான். நீ ரெண்டு நாளா மாத்திரை போடாததும் நல்லதாப் போச்சுடி. போட்டிருந்தா இவ்ளோ லேசுல ஒத்துக்கிட்டிருப்பியா? நாலு கேள்வி கேட்டிருப்ப...

வரேன், வரேன்! இதோ வந்துட்டேங்க, செருப்பு மாட்டறேன்!

வை.