ஆட்டுக் கொட்டகைக்குப் போட்ட பேனர்

வைஃபைக்குப் பிள்ளைகள் பெயரையும் தேதியையும் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள் என்று என் ஜெராக்ஸ் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வேன், சார். என் வீட்டில் அப்படித்தான் வைத்திருந்தேன். மகள் ஜெயசித்ராவின் பெயர், அதோடு அவளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடத்திய தேதி. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் மாற்ற மனசு வரவில்லை.

பாகூரில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் செலியமேட்டில் யாருக்கு ஆன்லைனில் எதைப் பதிய வேண்டுமானாலும் இந்தச் சம்மந்தத்திடம்தான் வருவார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. பீற்றிக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. என் பேச்சை ஏன் நம்பினார்கள் என்று நீங்கள் கேட்பீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

ஐப்பசியில் உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் தெருக்கோடியில் லில்லி என்று ஒரு பெண், நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவள் படத்தை அசிங்கமாக மாற்றி எவனோ இன்ஸ்டாவில் போட்டிருந்தான். அது எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து போயிருக்கிறது என்றார். நான் பதறவில்லை. காபி கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனேன். பக்கத்து வீட்டுக் காசம்மாளின் ஆட்டுக் கொட்டகை மேல் எங்கள் பழைய டிஜிட்டல் பேனர் கட்டியிருந்தது. என் மகள் கிரீடம் வைத்துச் சிரிக்கிறாள். பக்கத்திலேயே முழ உயரத்துக்குப் பெயரும் தேதியும்.

"இதான் சார் எங்க வூட்டு பாஸ்வேர்ட். ஊருக்கே தெரியுது" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு ரவுட்டரைத் திறந்து எந்தெந்த போன் ஏறியிருக்கிறது என்ற பட்டியலைக் காட்டினேன். எங்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத போன் ஒன்று இருந்தது. காசம்மாளின் மகன் கலைவேந்தனுடையது.

கலைவேந்தன் கான்ஸ்டபிள் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் செய்திருந்தான். தினமும் விடிந்ததும் ஏரிக்கரையில் ஓடுவான். அப்பா இல்லாத பிள்ளை. ஜீப்பில் ஏற்றும்போதுகூட அவன் முரண்டு பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டான்.

"மாமா, ஹால் டிக்கெட் எடுக்க நீங்கதான பாஸ்வேர்ட் குடுத்தீங்க. சொல்லுங்க மாமா."

"எந்த ஹால் டிக்கெட்பா?" என்றேன்.

நான்தான் கொடுத்திருந்தேன், சார். அன்றைக்குக் கடை லீவு. வாசலில் நின்று கேட்டான், அவன் போனை வாங்கி நானே அடித்துக் கொடுத்தேன். ஆனால் ஆமாம் என்று சொன்னால், அடுத்து என் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்றுதானே கேட்பார்கள்.

என் மகன் நவீன்குமாருக்கு இருபத்து நாலு வயசு. லில்லியைக் கட்டிக்கொள்கிறேன் என்று போய்க் கேட்டிருக்கிறான், அவள் முடியாது என்றிருக்கிறாள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு மூன்று நாள் முன்பே அந்தப் படத்தை அவன் போனில் பார்த்துவிட்டேன். சாயங்காலம் லில்லியின் அப்பா ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பெற்றவன் வேறு என்ன செய்ய முடியும், நீங்களே சொல்லுங்கள். அந்த போனைக் கல்லில் கட்டி ஏரியில் போட்டேன். கடையில் பழைய போன் ஒன்று கிடந்தது, அதை அவனுக்குக் கொடுத்தேன். மறுநாள் பரணிலிருந்து அந்த பேனரை எடுத்தேன். ஒன்பது வருஷமாகச் சுருட்டி வைத்திருந்தது. காசம்மாளைக் கூப்பிட்டு, மழை வரப்போகிறது, ஆடு நனையாமல் கொட்டகைக்குப் போட்டுக்கொள் என்றேன். அவளால் ஏணி ஏற முடியாது. நானே ஏறிக் கட்டினேன், எழுத்துள்ள பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. கலைவேந்தன்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வைஃபையைச் சரியாகப் பாதுகாத்துக்கொண்டேன். பாஸ்வேர்டை இருபது எழுத்தாக மாற்றினேன். இணைப்பின் பெயரை யாருக்கும் தெரியாமல் மறைத்தேன். நான் அனுமதி கொடுத்த போன் மட்டும் ஏறும்படி ரவுட்டரில் பூட்டுப் போட்டேன். இதே மாதிரி தெருவில் ஏழு வீட்டுக்குச் செய்து கொடுத்தேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள்.

காசம்மாள் வாரா வாரம் காலாப்பட்டு ஜெயிலுக்குப் போய்விட்டு நேரே என்னிடம்தான் வருவாள். "அண்ணே, வைஃபைன்னா இன்னான்னே எனக்குத் தெரியாது. என் புள்ள செஞ்சிருக்க மாட்டான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க" என்பாள். பார்க்கலாம் என்பேன். ஜாமீனுக்கு நிற்கச் சொல்லிக் கேட்டாள். என் ஆதாரில் விலாசம் மாற வேண்டியிருக்கிறது என்றேன். உடல் தகுதித் தேர்வுக்கு அவனுக்குக் கடிதம் வந்தபோது படித்துச் சொல்லச் சொல்லிக் கொண்டுவந்தாள். தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நீங்கள் வந்து, முந்தாநாள் மத்தியானம் லில்லி படம் மறுபடியும் வந்திருக்கிறது, அதுவும் இதே இணைப்பிலிருந்து என்கிறீர்கள். கலைவேந்தன் ஜெயிலில் இருக்கிறான். இந்த முறை காட்ட என்னிடம் பேனர் இல்லை. இப்போது ரவுட்டரில் இரண்டே போன்தான் ஏறும். என் மனைவியிடம் இருப்பது பட்டன் போன். முந்தாநாள் மத்தியானம் நான் கடையில் இருந்தேன், எதிரே கேமரா இருக்கிறது. இருந்தாலும் அது என் போன்தான், நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முடியாது என்கிறீர்கள்.

சரி, நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். போனை ஏரியில் போட்டவன் நான். பேனர் கட்டியவன் நான். அந்தப் பையன் முகத்துக்கு நேரே பொய் சொன்னவனும் நான். காசம்மாளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் ஆகாது.

ஆனால் நவீன் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை, சார். அடங்கி ஒடுங்கி வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன். எவனோ வெளியாள்தான் உள்ளே புகுந்து அவனைக் கெடுத்திருக்க வேண்டும்.